எண்ணூறு மீட்டருக்கு வேகமா, தம்மா?

21 ஜூலை 2024, காலை 9:10 – கேள்வி

என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. போன வருடக் குறுவட்டப் போட்டியில் 400 மீட்டரை 66 விநாடியில் ஓடினாள். 800 மீட்டரில் 2:43. இரண்டாவது சுற்றில் நான்கு பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். பள்ளி பி.டி. சார், "வேகம் பத்தல, தினமும் 100, 200 போடட்டும்" என்கிறார். மாலையில் ஸ்டேடியத்தில் பார்க்கும் ஒரு கோச், "தம் இல்ல சார், ரோட்டுல விடுங்க, தினம் ஆறு கிலோமீட்டர்" என்கிறார். இரண்டு பேருமே மாவட்ட அளவில் ஓடியவர்கள். நான் ஓடியதே இல்லை. யார் பேச்சைக் கேட்பது?

21 ஜூலை, இரவு 10:45 – பதில்

கோச் பேச்சை. பிரச்சினை தம்தான்.

2:43 என்றால் சுற்றுக்கு எண்பத்தொன்றரை விநாடி. 66ல் ஒரு சுற்று ஓடுகிற பிள்ளைக்கு 81 என்பது நிதானமான ஓட்டம். அந்த வேகம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை இரண்டு சுற்றுக்கு நீட்டிப் பிடிக்கத்தான் முடியவில்லை. இருக்கிற பணத்தைச் செலவு செய்யத் தெரியாதவனுக்கு இன்னும் கொஞ்சம் பணம் கொடுப்பது போலத்தான் தினமும் 100 மீட்டர் போடுவது.

800 மீட்டரை "நீண்ட ஸ்பிரிண்ட்" என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிச் சொல்லியே கெடுத்துவிட்டார்கள். 2001ல் ஆஸ்திரேலியாவில், நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை வைத்து ஓர் அளவெடுப்பு நடந்தது. 400 மீட்டருக்குத் தேவையான சக்தியில் 43 சதவீதம் ஆக்சிஜன் வழியாக வருகிறது. 800க்கு 66 சதவீதம். 1500க்கு 84. அதாவது எண்ணூறில் மூன்றில் இரண்டு பங்கு மூச்சு சம்பந்தப்பட்ட வேலை. மிச்சம் மூன்றில் ஒரு பங்குக்காகத்தான் நம் ஊரில் பயிற்சி முழுக்க நடக்கிறது.

சொந்த அனுபவமும் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

22 ஜூலை, இரவு 11:30

1994ல் எனக்கு இருபது வயது. பாளையங்கோட்டையில் கல்லூரி. 400ல் 51.8 ஓடுவேன், 800ல் 2:01. எங்களுக்குக் கிடைத்த கோச் அக்கறையான மனிதர், ஆனால் அவரிடம் இருந்தது ஒரே மருந்து: பத்து நானூறு. திங்கள் பத்து நானூறு, புதன் பத்து நானூறு, வெள்ளி பத்து நானூறு. இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு. ஏழாவதில் யாராவது வாந்தி எடுத்தால், "இப்பத்தான் வேலை செய்யுது" என்பார்.

அந்த வருட மாநிலப் போட்டியில் முதல் சுற்றை 55ல் கடந்தேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது இரண்டாவது இடம். பின் நேர்கோட்டின் முடிவில், 600 மீட்டர் கோட்டைத் தாண்டியதும் முதலில் தோள் இறுகியது, அப்புறம் தாடை, அப்புறம் தொடை. கடைசி நூறு மீட்டரில் கை ஆடுகிறது, கால் வரவில்லை. அந்தச் சுற்று 67. மொத்தம் 2:02, ஏழாவது இடம். ஓடிய எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் அந்த நூறு மீட்டர் எனக்கு இன்றும் கனவில் வரும்.

அந்தக் கோடையில் கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பில் வலி வந்து இரண்டு மாதம் ஓடவில்லை. வலி போன பிறகு அணிக்குத் திரும்பவும் இல்லை. வேகமாக ஓடினால் எலும்பு மறுபடி வலிக்குமோ என்ற பயத்தில், காலை நான்கரைக்குக் கிளம்பி கிருஷ்ணாபுரம் சாலையில் மெதுவாக ஓடத் தொடங்கினேன். முதலில் அரை மணி, பிறகு முக்கால் மணி, ஞாயிறுகளில் ஒன்றரை மணி. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். கடிகாரமே கட்டவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, நண்பர்கள் இழுத்ததால் ஒரு திறந்த போட்டியில் இறங்கினேன். 1:56.4. முதல் சுற்று 57, இரண்டாவது 59 சொச்சம். முள் வைத்த ஓட்ட ஷூ, ஸ்பைக்ஸ்கூட இரவல்.

அன்றிலிருந்து நான் தம் கட்சி.

23 ஜூலை, காலை 7:00

இரவல் ஸ்பைக்ஸ் யாருடையது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். உன்னுடையதுதான், தம்பி. அளவு ஒன்று சின்னது. இடது பெருவிரல் நகம் போனது. நீ கொடுத்திருக்காவிட்டால் அந்த 1:56 இல்லை.

23 ஜூலை, இரவு 10:00

நான் 1994ல் செய்ததன் நேரெதிர், பீட்டர் ஸ்னெல். இவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தாண்ட முடியாது.

நியூசிலாந்துக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 தங்கம், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு எண்ணூறு ஓடுகிறவனையும் மாரத்தான் ஓடுகிறவனையும் ஒரே சாலையில் விட்டார்: வாரம் 100 மைல், 160 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்துக்கு மேற்கே மலைப்பாதையில் 22 மைல். பல வாரம் இது மட்டும்தான். அதன் பிறகு மேடு ஏறும் ஓட்டம், கடைசியில்தான் ட்ராக்.

1961 டிசம்பரில் ஸ்னெல் ஒரு மாரத்தான் ஓடினார், 2 மணி 41 நிமிடம். அடுத்த மாதம் 27ஆம் தேதி ஒரு மைலில் உலக சாதனை, 3:54.4. அதற்கு ஒரு வாரம் கழித்து கிறைஸ்ட்சர்ச்சில் 800 மீட்டரில் உலக சாதனை, 1:44.3. அதுவும் புல்தரையில்.

அறுபத்திரண்டு வருடத்துக்கு முன் புல்லில் ஓடிய அந்த நேரத்தை இந்தியாவில் இன்றுவரை ஒருவரும் ஓடவில்லை. 2018ல் குவஹாத்தியில் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடித் தேசிய சாதனை வைத்தார். அதற்கு முந்தைய சாதனை ஸ்ரீராம் சிங் 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக் இறுதியில் ஓடிய 1:45.77. அந்த 12 நூறில் ஒரு பங்கு விநாடியைக் குறைக்க நமக்கு 42 வருடம் ஆனது.

ஸ்ரீராம் சிங் அந்த இறுதியில் என்ன செய்தார் தெரியுமா? முதல் சுற்றை முன்னால் நின்று இழுத்துப் போனார். 50.85. பின்னால் கியூபாவின் அல்பெர்த்தோ ஹுவான்டொரேனா. இரண்டாவது சுற்றில் கியூபாக்காரர் போய்விட்டார், 1:43.50, உலக சாதனை. நம்மவர் ஏழாவது. அந்தச் சாதனைக்கு ஸ்ரீராம் சிங்கின் முதல் சுற்றும் காரணம் என்று ஹுவான்டொரேனாவே நன்றி சொன்னார். ஒலிம்பிக் இறுதியில் முன்னால் போகத் துணிந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும்.

24 ஜூலை, மதியம்

கேள்வி கேட்ட சார், ஒரு கணக்கு சொல்கிறேன், வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். 400 நேரத்தை இரண்டால் பெருக்குங்கள். 800 நேரத்திலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் ஆளின் ஜாதகம்.

கென்யாவின் டேவிட் ருடிஷா: 400ல் 45.5. இரட்டித்தால் 91. அவருடைய உலக சாதனை 1:40.91. மிச்சம் 9.9 விநாடி.

பிரிட்டனின் செபாஸ்டியன் கோ: 46.87, இரட்டித்தால் 93.74. 1981ல் ஃபிளாரன்சில் 1:41.73. மிச்சம் 8.

ஹுவான்டொரேனா: 44.26, இரட்டித்தால் 88.52. 1:43.50. மிச்சம் 15.

ருடால்ஃப் ஹார்பிக், 1939: 46.0, 1:46.6. மிச்சம் 14.6.

பெண்களில் யார்மிலா கிராட்டோச்விலோவா, 1983: 47.99, 1:53.28. மிச்சம் 17.3. அந்த 1:53.28 இன்னும் உலக சாதனையாக நிற்கிறது.

மிச்சம் குறைவாக இருந்தால் தம் ஆள், அதிகமாக இருந்தால் வேக ஆள். உங்கள் மகளுக்கு 66ஐ இரட்டித்தால் 2:12. 2:43க்கு மிச்சம் 31. முப்பத்தொன்று! பள்ளிப் பிள்ளைக்கு இருபது, இருபத்திரண்டு இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன்.

எனக்கு 1994ல் 17.4. என் பழைய டைரியில் இந்தக் கணக்கை எழுதிவைத்திருக்கிறேன்.

25 ஜூலை, காலை

நேற்றைய கணக்கில் ஒரு பிழை. கூட்டல் கழித்தல் சரி, எடுத்த எண் சரியில்லை. கோ 400 மீட்டரைத் தனிப்போட்டியாக அதிகம் ஓடியதில்லை. ரிலேயில் அவர் ஓடிய சுற்று 46க்கும் கீழே. ரிலேயில் ஓடிக்கொண்டே தொடங்குவதால் கிடைக்கும் லாபத்துக்காக அதில் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும், உண்மையான மிச்சம் எட்டு இல்லை, பத்தை ஒட்டி. ஆக, 400ஐ மனம்வைத்து ஓடியவருக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். உங்கள் மகள் 400, 800 இரண்டையும் ஒரே நாளில் ஓடினாளா? எது முதலில்? சொல்லுங்கள். 400 ஓடிய களைப்போடு 800 ஓடியிருந்தால் 31 என்பதும் பொய்.

28 ஜூலை, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. 800 முதல் நாள், 400 இரண்டாம் நாள். ஆக 31 உண்மை. ஆனால் கூடவே சார் ஒரு விஷயத்தைச் சேர்த்து எழுதியிருக்கிறார், அதைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கைப்பேசியில் வீடியோ எடுத்திருக்கிறார். முதல் சுற்று 70, இரண்டாவது 93.

எழுபது! 66 ஓடுகிற பிள்ளை, எண்ணூறின் முதல் சுற்றை 70ல் ஓடியிருக்கிறாள். அவளுக்கு வேகம் இல்லை என்று எந்தக் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள்? தம் இல்லை என்று நான் சொன்னதும் பாதிதான் சரி. எவ்வளவு தம் இருந்தாலும் இப்படித் தொடங்கினால் கடைசியில் தவிக்கத்தான் வேண்டும். யாராவது அவளிடம், "முதல் சுற்று 77" என்று ஒரு எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும். விசில் அடித்ததும் "ஓடு, ஓடு" என்று கத்துவதைத் தவிர நம் மைதானங்களில் வேறு அறிவுரை கிடைப்பதில்லை.

டின்டு லூகா நினைவுக்கு வருகிறார். 2010ல் 1:59.17 ஓடி, இந்தியப் பெண்கள் சாதனையை ஷைனி வில்சனிடமிருந்து எடுத்தவர். பி.டி. உஷாவின் மாணவி. எப்போதும் முன்னால் போவார். முதல் சுற்றில் அவருக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி விழும்போது வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்போம். கடைசி நூறில் அந்த இடைவெளி கரையும்போது உட்கார முடியாமல் நிற்போம். அவருக்கு முன்னால் போவது பலமாகவும் இருந்தது, பலவீனமாகவும் இருந்தது. 2014 ஆசியப் போட்டியில் 1:59.19, வெள்ளி.

28 ஜூலை, இரவு

பந்தயம் பார்க்கிறவர்கள், "கடைசியில் வேகமெடுத்துத் தாண்டினாள்" என்று சொல்வார்களே, அதைப் பற்றி.

1972 மியூனிக் ஒலிம்பிக் 800 இறுதியின் காணொளியைத் தேடிப் பாருங்கள். டேவ் வாட்டில், வெள்ளைத் தொப்பி போட்ட அமெரிக்கர். முதல் இருநூறில் கடைசி ஆள், கூட்டத்திலிருந்து விலகிப் பின்னால் கிடக்கிறார். கடைசி நேர்கோட்டில் ஒவ்வொருவராகத் தாண்டி, கோட்டில் சோவியத்தின் அர்ஷானோவை 0.03 விநாடியில் வெல்கிறார். பார்க்கிற யாரும், "என்ன ஒரு வேகம்" என்றுதான் சொல்வார்கள்.

அவருடைய நான்கு இருநூறுகள்: 26.4, 26.9, 26.4, 26.2. அவர் வேகமெடுக்கவே இல்லை. மற்றவர்கள் வேகம் இழந்தார்கள். உங்கள் மகளைத் தாண்டிய நான்கு பிள்ளைகளும் அப்படித்தான். அவர்கள் பறக்கவில்லை, சார்.

ருடிஷாகூடக் கடைசியில் மெதுவாகத்தான் ஓடினார். லண்டன் ஒலிம்பிக், 2012 ஆகஸ்ட் 9: முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. அந்தப் பந்தயத்தில் எட்டாவதாக, கடைசியாக வந்தவரின் நேரம் 1:43.77. அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்கிலும் அந்த நேரம் தங்கம் வாங்கியிருக்கும். ஒருவன் முதல் மீட்டரிலிருந்து தைரியமாக ஓடினால் பின்னால் வருகிற ஏழு பேரும் எப்படி மாறுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

7 ஆகஸ்ட், காலை 6:15

தூங்கவில்லை. பாரிஸ் ஒலிம்பிக் 1500 மீட்டர் இறுதி நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி நடந்தது.

நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் தோற்றுவிட்டார். நான்காவது இடம். பதக்கமே இல்லை. உலகத்திலேயே மிகச் சிறந்த தம் உள்ள ஆள் இவர் என்று இத்தனை வருடம் பிள்ளைகளிடம் சொல்லிவந்திருக்கிறேன். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, கடுமையாக ஓடும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட்டை அளந்து, எல்லை தாண்டாமல் ஓடும் நார்வேப் பயிற்சியின் அடையாளமே அவர்தான். முதல் சுற்றை 55க்குள் இழுத்தார், 800ஐ 1:51 வாக்கில். அந்த வேகத்தில் யாரும் கூட வர மாட்டார்கள் என்று நம்பினார். மூன்று பேர் வந்தார்கள். அமெரிக்காவின் கோல் ஹாக்கர் உள்பக்கமாக நுழையப் பார்த்து, இடம் கிடைக்காமல் பின்வாங்கி, மறுபடி நுழைந்து, 3:27.65, ஒலிம்பிக் சாதனை. ஜோஷ் கெர் 3:27.79. யாரெட் நுகூசே 3:27.80. இங்கெப்ரிக்ட்சன் 3:28.24.

2022 உலகப் போட்டியில் ஜேக் வைட்மனிடம் தோற்றார். 2023ல் கெர்ரிடம். இப்போது மூன்றாவது முறை, ஒரே மாதிரி: கடைசி இருநூறில், வேகத்தில்.

தம் கட்சிக்காரனான எனக்கு இதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. வேலைக்குப் போக வேண்டும்.

7 ஆகஸ்ட், இரவு

நாள் முழுக்க யோசித்தேன்.

ஹாக்கர் வெறும் வேகத்தால் வென்றார் என்று சொல்லலாமா? 1:51ல் 800 மீட்டர் கடந்து, அதன் பிறகும் எழுநூறு மீட்டர் கூடவே போய், அப்புறம்தான் அந்த வேகம். 2016 ரியோ ஒலிம்பிக் 1500 இறுதி வேறு. அது 3:50.00ல் முடிந்த பந்தயம், மூன்று சுற்று நடைபோல் ஓடிக் கடைசிச் சுற்றில் பாய்ந்தார்கள். அங்கே வேகம் மட்டும் போதும் என்று வாதாடலாம். பாரிஸில் முடியாது. இந்த மூன்று பேருக்கும் இங்கெப்ரிக்ட்சன் அளவுக்குத் தம் இருந்தது, அதற்கு மேல் கொஞ்சம் வேகமும் இருந்தது.

தம் இருந்தால்தான் கடைசி இருநூறுக்கு ஆள் மிஞ்சுவான் என்பதில் மாற்றமில்லை. ஆனால் மிஞ்சியவர்களுக்குள் வேறு ஏதோ தீர்மானிக்கிறது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்றிரவு இரண்டு பந்தயம். இரண்டும் சேர்ந்து, மூன்று வாரமாக நான் பிடித்துத் தொங்கிய கட்சியைக் கலைத்துவிட்டன.

முதலில் 800. கென்யாவின் எம்மானுவேல் வன்யோன்யி, இருபது வயது முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, 1:41.19. கனடாவின் மார்கோ அரோப் 1:41.20. ஒரு கண்ணிமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அல்ஜீரியாவின் செஜாத்தி 1:41.50. இந்த வன்யோன்யிதான் ஏப்ரலில் ஜெர்மனியில் சாலையில் ஒரு மைல் ஓடி உலக சாதனை வைத்தவர், 3:54.56. எண்ணூறில் தங்கம் வாங்குகிறவனிடம் மைல் ஓடும் தம் இருக்கிறது. இதுவரை என் கட்சிதான்.

அப்புறம் 5000. இங்கெப்ரிக்ட்சன். செவ்வாய்க்கிழமை வேகம் போதாமல் தோற்ற அதே ஆள். மெதுவாகப் போன கூட்டத்தில் பொறுமையாக இருந்து, கடைசிச் சுற்றில் எல்லோரையும் விட்டுவிட்டுப் போனார். 13:13.66, தங்கம். அங்கே அவர்தான் வேகக்காரர்!

நான்கு நாளில் அவருடைய கால் மாறவில்லை, நுரையீரல் மாறவில்லை. தூரம் மாறியது. 1500ல் தம் ஆளாக இருந்தவர் 5000ல் வேக ஆள். அப்படியென்றால் வேகம் என்பதும் தம் என்பதும் ஆளிடம் தனியாக இருக்கிற இரண்டு பொருள்கள் இல்லை. ஓடுகிற தூரத்தின் வேகத்துக்கு மேலே உன்னிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. காரெத் சாண்ட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் எண்ணூறு மீட்டர்க்காரர்களிடம் இதைத்தான் அளந்தார்: ஒருவரின் உச்ச வேகத்திலிருந்து, மூச்சு ஈடுகொடுக்கக்கூடிய உச்ச வேகத்தைக் கழித்தால் வருவது. நான் அதை வேகக் கையிருப்பு என்று சொல்கிறேன்.

இரண்டு பிள்ளைகள், ஒரே நுரையீரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறை ஒருத்தி 28ல் ஓடுவாள், இன்னொருத்தி 34ல். இருவரும் எண்ணூறில் இருநூறுக்கு 38 என்று போகிறார்கள். முதல் பிள்ளைக்கு அது தளர்ந்த ஓட்டம், தோள் இறங்கி இருக்கும், முகம் அமைதியாக இருக்கும். இரண்டாவது பிள்ளை உச்சத்துக்கு மிக அருகில் ஓடிக்கொண்டிருக்கிறாள். வேகம் அதிகமாக இருந்தால் அதே ஓட்டம் மலிவாகக் கிடைக்கிறது. இதை நான் முப்பது வருடமாகக் கவனிக்கவில்லை.

12 ஆகஸ்ட், அதிகாலை

22 ஜூலையில் நான் எழுதிய சொந்தக் கதையைத் திரும்பப் படித்தேன். அப்போதே ஒரு தங்கை கீழே கேட்டிருந்தார்: "அண்ணா, அந்த 1:56க்கு முன்னாடி ரெண்டு வருஷம் நானூறு நானூறா ஓடினீங்களே, அது எங்க போச்சு?" நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். தப்பு.

அந்த நானூறுகள் வீணாகவில்லை. 51.8 ஓடும் கால் அதில்தான் கிடைத்தது. அந்தக் கால் இல்லாமல் கிருஷ்ணாபுரம் சாலையில் எத்தனை ஞாயிறு ஓடியிருந்தாலும் முதல் சுற்று 57 எனக்குச் சுலபமாக இருந்திருக்காது. சாலை ஓட்டம் என்னைக் காப்பாற்றியது என்று கதை சொல்லிச் சொல்லி, அதற்கு முன் நடந்ததை அழித்துவிட்டேன். அந்தக் கோச்சுக்கு நான் நியாயம் செய்யவில்லை. அவர் கொடுத்த அளவு தவறு, ஓய்வு போதாது, எலும்பு பாதிக்கப்பட்டது. ஆனால் வேகத்தைக் கொடுத்தவர் அவர்தான்.

ஸ்னெல் விஷயத்திலும் அப்படித்தான். லிடியார்டு அவருக்கு நூறு மைல் கொடுத்தார் என்று எழுதினேன். கூட ஓடிய மற்றவர்களும் அதே நூறு மைல் ஓடினார்கள், அவர்களில் யாரும் 800ல் 1:44 ஓடவில்லை. பள்ளி நாளில் டென்னிசும் ரக்பியும் ஆடி வளர்ந்த கட்டான உடம்பு ஸ்னெலுக்கு. அந்தத் தொடைக்குள் வேகம் முதலிலேயே இருந்தது.

12 ஆகஸ்ட், இரவு

ஆகவே சார், பி.டி. சாரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் சொன்ன காரணம் தவறு, ஆனால் 14 வயதில் வேகத்தை விட்டுவிடக் கூடாது என்பது சரி. தம் முப்பது வயதிலும் வளரும். கால் துரிதமாகத் தரையை விட்டு எழும் பழக்கத்தைச் சின்ன வயதில் பிடித்தால்தான் உண்டு. அதற்காகத் தினமும் 200 வேண்டாம். வாரம் இரண்டு நாள், நன்றாக உடம்பு சூடானதும், 60 மீட்டர் ஐந்தோ ஆறோ. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நிமிடம், மூச்சு முழுக்க அடங்கும்வரை. மூச்சு வாங்க ஆரம்பித்தால் அது வேகப் பயிற்சி இல்லை.

மூன்று நாள் மெதுவான ஓட்டம், அரை மணி. ஆறு கிலோமீட்டர் என்று தூரம் வைக்காதீர்கள், தூரம் வைத்தால் பிள்ளைகள் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார்கள். பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். தார் ரோட்டைவிட மண் பாதை நல்லது. ஒரு நாள் மட்டும் எண்ணூறு ஓடும் வேகத்தில் நான்கு முந்நூறு. ஞாயிறு ஓய்வு, விளையாடட்டும்.

இன்னொன்று, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். மாலையில் நகராட்சி மைதானத்தில் சில பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிள்ளை, நல்ல வேகம், முதல் சுற்று அழகாக ஓடுவாள், இரண்டாவதில் உட்கார்ந்துவிடுவாள். தம் இல்லை, தம் இல்லை என்று ஆறு மாதம் ரோட்டில் ஓடவிட்டேன். அவளுடைய அம்மா ஒரு நாள், "அண்ணே, புள்ள படியேறினாலே மூச்சு வாங்குறா" என்று சொன்ன பிறகுதான் பரிசோதனை. ஹீமோகுளோபின் 8.6. ஆக்சிஜனைத் தூக்கிப் போக ரத்தத்தில் ஆளே இல்லை, நான் தூரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவர் சொன்னபடி மாத்திரை, முருங்கைக்கீரை, சுண்டல், முட்டை. நான்கு மாதத்தில் வேறு பிள்ளை ஆகிவிட்டாள். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வரும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிகிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். மாத்திரை போட்ட கையோடு டீ வேண்டாம்.

23 ஆகஸ்ட்

வன்யோன்யி நேற்று லொசானில் 1:41.11. 1997ல் வில்சன் கிப்கேட்டர் ஓடிய அதே நேரம், நூறில் ஒரு பங்குகூட மாறாமல். ருடிஷாவுக்கு இன்னும் 0.20. என் வாழ்நாளில் 1:40ஐத் தாண்டி உள்ளே போவதைப் பார்ப்பேன் என்று தோன்ற ஆரம்பித்திருக்கிறது.

சார், ஹீமோகுளோபின் 11.4 என்று எழுதியிருந்தீர்கள். மோசமில்லை, ஆனால் 12க்கு மேல் இருக்க வேண்டும். மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

15 செப்டம்பர், ஞாயிறு

உங்கள் மகளின் போட்டி முடிவு வந்துவிட்டது. 2:34! முதல் சுற்று 75, இரண்டாவது 79. மணி அடிக்கும்போது ஐந்தாவதாக இருந்து, இரண்டாவதாக முடித்திருக்கிறாள். வீடியோவை நான்கு முறை பார்த்தேன். பின் நேர்கோட்டில் மூன்று பேரைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பாருங்கள், தாடை தளர்ந்து இருக்கிறது. தோள் ஏறவில்லை. என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்து என்ன ஆச்சு என்றாள், அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறேன்.

மிச்சக் கணக்கைப் போட்டேன். 400 இந்த முறை 65.6, இரட்டித்தால் 2:11.2. மிச்சம் 31லிருந்து 23க்குக் கீழே இறங்கிவிட்டது. இதில் எவ்வளவு தம்மால், எவ்வளவு முதல் சுற்றை அடக்கியதால்? என் கணிப்பில் ஒன்பது விநாடியில் குறைந்தது ஐந்து விநாடி, 70க்குப் பதில் 75 ஓடியதால் மட்டும் வந்தது. எட்டு வாரத்தில் தம் அவ்வளவு வளராது. அது அடுத்த வருடம் தெரியும்.

பி.டி. சார் மைதானத்தின் உள்பக்கம் கூடவே ஓடி, "எழுபத்தஞ்சு, சரியா இருக்கு, அப்படியே போ" என்று கத்துவது வீடியோவில் கேட்கிறது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மாவட்டப் போட்டிக்கு முன் அவளுக்கு ஒரு 60 மீட்டர் நேரம் எடுத்துப் போடுங்கள். நின்ற இடத்திலிருந்து வேண்டாம், இருபது மீட்டர் ஓடி வந்து கோட்டைத் தாண்டும்போது கடிகாரத்தை அழுத்துங்கள். மூன்று முறை, நல்ல இடைவெளி விட்டு. மழை பெய்து மண் ட்ராக் ஈரமாக இருந்தால் அந்த வாரம் விட்டுவிடுங்கள்.